பழைய காருக்கு எந்த விளக்கு?

சூரியன் மறைந்து அரை மணி நேரம் ஆனதும் சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டப் பாதைகளில் இரண்டு வித ஒளிகளைக் காணலாம். ஒன்று, வெண்மையும் நீலமும் கலந்து, தூரத்திலேயே கண்ணைக் குத்தும் ஒளி. மற்றொன்று, பழுத்த எலுமிச்சை நிறத்தில், அருகில் வந்த பின்னரே தன் வரவைத் தெரிவிக்கும் ஒளி. முன்னது இக்காலத்து யப்பானிய வாகனத்தினுடையது. பின்னது பெரும்பாலும் ஒரு மொறிஸ் மைனர், அல்லது ஓர் ஒஸ்டின், அல்லது துரைமார் காலத்து லாண்ட் ரோவர்.

பழைய கார்களைப் பேணும் குடும்பங்கள் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இன்றும் உள்ளன. அவ்வீடுகளில் இன்று நடக்கும் ஒரு விவாதத்தை வாசகர்கள் முன் வைக்க விரும்புகின்றோம். பழைய காருக்குப் பழைய விளக்கே போதுமா, அன்றிப் புதிய எல்.ஈ.டி. விளக்கைப் பூட்டலாமா என்பதே அது. கேட்பதற்குச் சிறிய விஷயம்போலத் தோன்றும். ஆயின் அதனுள் பௌதிகமும் இருக்கின்றது. குடும்பப் பாசமும் இருக்கின்றது. இருட்டில் நடந்து செல்லும் ஏழை எளியவரின் உயிரும் இருக்கின்றது.

ஒரு வீட்டு வழக்கு

ருவன்வெல்லைக்கும் கேகாலைக்கும் இடையில் உள்ள ஓர் இறப்பர் தோட்டத்துக்கு அண்மையில் நாம் ஒரு பெரியவரைச் சந்தித்தோம். தோட்டத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரித்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக் கொட்டிலில் 1958 ஆம் ஆண்டுத் தயாரிப்பான மொறிஸ் மைனர் ஒன்று நிற்கின்றது. 1975 ஆம் ஆண்டில் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான போது ஊர் திரும்பிய துரை ஒருவர் விற்றுச் சென்ற கார் அது.

அந்தக் காரின் முதற் பெரும் பயணத்தைப் பெரியவர் இன்னும் மறக்கவில்லை. 1964 ஆம் ஆண்டு இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அவருடைய அக்காளின் குடும்பம் தமிழகத்துக்குப் புறப்பட்டது. லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், தாம் கண்டிராத ஊருக்குத் தகரப் பெட்டிகளோடு போனார்கள். தலைமன்னார் செல்லும் இரயிலைப் பிடிப்பதற்காக மழை பெய்த ஓர் இரவில் அவர்களைப் பொல்கஹவெலச் சந்தி நிலையத்துக்கு ஏற்றிச் சென்றது இந்த மைனர்தான்.

"அன்றைக்கு வழி காட்டின வெளிச்சம் தம்பி இது. இந்தக் கண்ணாடியைக் கழற்றிக் குப்பையிலே போடச் சொல்கிறான் என் பேரன்" என்றார் அவர்.

பேரனோ கொழும்பில் வேலை பார்க்கும் இளைஞன். வார இறுதியில் வந்து காரை ஓட்டுபவனும் அவன்தான். "தாத்தா, சாமத்தில் யாருக்காவது வருத்தம் என்றால் கேகாலை ஆஸ்பத்திரிக்கு நான்தானே ஓட்ட வேண்டும்? இந்த விளக்கில் பத்து யார் தூரம்கூடத் தெரியவில்லையே" என்பது அவன் வாதம்.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆயினும் பேரன் ஒருநாள் தாத்தாவைக் கேளாமலே கடையில் இரண்டு எல்.ஈ.டி. மின்குமிழ்களை வாங்கிப் பழைய விளக்குகளுள் செருகிவிட்டான். அடுத்த திங்கட்கிழமை விடியுமுன் அவன் கொழும்புக்குப் புறப்பட்ட வேளை, பால் வெட்டச் சென்ற பெண்கள் மூவர் எதிரே வந்தனர். திடீரெனப் பாய்ந்த ஒளியில் கண் கூசி, முன்னால் வந்த அம்மாள் பாதையோரக் கானுக்குள் கால் தவறி விழுந்தார். நல்ல வேளையாகக் கணுக்கால் சுளுக்கியதோடு தப்பினார். ஆயினும் ஒரு வாரம் வேலைக்குப் போக இயலவில்லை. ஒரு வாரச் சம்பளம் என்பது லயத்துக் குடும்பத்தில் சிறிய விஷயமன்று.

அன்றுதான் அந்த வீட்டு வழக்கு விளையாட்டு நிலையைக் கடந்தது.

கார்பைடிலிருந்து இன்றுவரை

வழக்கைத் தீர்க்குமுன் விளக்கின் வரலாற்றைச் சிறிது அறிவது நலம். மோட்டார் கார் தோன்றிய காலத்தில் அதற்கு மண்ணெண்ணெய் விளக்குகளே இருந்தன. பின்னர் அசெற்றலின் வாயு விளக்குகள் வந்தன. கல்சியம் கார்பைட் என்னும் கல்லின்மீது சொட்டுச் சொட்டாக நீர் விழ, எழும் வாயுவை எரிப்பதே அதன் முறை. மழைக்கும் காற்றுக்கும் எளிதில் அணையாத அந்தச் சுடர் அந்நாளில் பெரும் புதுமையாக விளங்கியது. ஆயின் ஒவ்வோர் இரவும் சாம்பல்போன்ற கழிவை அகற்றிக் கழுவ வேண்டியிருந்தது.

1912 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கடிலாக் கார், மின்சாரத்தால் இயங்கும் ஸ்டார்ட்டரையும் விளக்குகளையும் ஒருங்கே கொண்டு வந்தது. 1940 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து அந்நாட்டில் இழையும் கண்ணாடியும் ஒரே கூடாக மூடப்பட்ட 'சீல்ட் பீம்' விளக்குகள் பொது வழக்காயின. 1962 ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் ஹலஜன் விளக்குகள் கார்களில் அறிமுகமாகின. ஒரே குமிழில் தூர ஒளி, தாழ் ஒளி என்ற இரண்டையும் தரும் 'எச்-4' வகை 1971 ஆம் ஆண்டில் வந்தது. நீல ஒளி தரும் எல்.ஈ.டி. கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே வெள்ளை ஒளி எல்.ஈ.டி. இயலுவதாயிற்று. அதற்காக யப்பானில் பிறந்த அகசாகி, அமனோ, நக்கமுரா என்னும் விஞ்ஞானிகள் மூவருக்கு 2014 ஆம் ஆண்டில் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

மைனர் கற்பித்த பாடம்

மொறிஸ் மைனரின் சொந்த வரலாற்றிலேயே விளக்குப் பற்றிய ஒரு பாடம் உண்டு. அலெக் இசிகோனிஸ் என்பவர் உருவாக்கிய அக்கார் 1948 ஆம் ஆண்டில் வெளிவந்த போது, அதன் முகப்பு விளக்குகள் தாழ்வாக, முன்பக்கக் கம்பித் தட்டிக்குள்ளேயே அமைந்திருந்தன. பார்வைக்கு அது அழகுதான். ஆயின் விளக்கு இன்ன உயரத்தில் இருத்தல் வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டத்துக்கு அவ்வமைப்பு இசையவில்லை. ஆகவே விளக்குகள் மட்காட்டின் மேற்புறத்துக்கு உயர்த்தப்பட்டன. நம் நாட்டில் எல்லோரும் அறிந்த மைனரின் முகம், பாதுகாப்பின் பொருட்டு அழகைத் திருத்தியதனால் வந்த முகமே!

அதன் பக்கங்களிலிருந்து கைபோல் நீளும் திசைகாட்டிகளும் 1961 ஆம் ஆண்டளவில் மறைந்து, சிமிட்டும் விளக்குகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. ஆகவே, 'பழைய கார் என்றால் அதில் எதனையும் மாற்றலாகாது' என்று கூறுவோர், அக்காரைச் செய்தவர்களே அதனை இடையறாது மாற்றி வந்தனர் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இத்தகைய கார்கள் நம் நாட்டில் இத்துணை காலம் உயிர் வாழ்வதற்குக் காரணம் ஆசை மாத்திரமன்று, அவசியமும் ஆகும். 1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. இருந்ததைத் திருத்தி ஓட்டும் கலையில் நம் 'பாஸ்'மார் கைதேர்ந்தனர். 1990களில் இலங்கையின் தென்பகுதியில் மைனருக்கான தகட்டுப் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பும் அளவுக்கு அக்கலை வளர்ந்தது. அண்மையிலும், 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலிருந்து 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் வரை தனியார் கார் இறக்குமதி தடைப்பட்டிருந்தது. அப்பொழுது கொட்டில்களில் உறங்கிய பழைய கார்கள் பல மீண்டும் வீதிக்கு வந்தன. சிலர் அவற்றுக்கு யப்பானிய இயந்திரத்தைப் பூட்டி வேகத்தைக் கூட்டிவிட்டனர். வேகம் கூடிய காருக்கு அன்றைய விளக்கு போதுமா என்பது நியாயமான கேள்வியே.

கிண்ணமும் இழையும்

பழைய விளக்குக்குள் புதிய மின்குமிழைச் செருகினால் ஏன் எதிரே வருபவரின் கண் கூசுகின்றது? மாணவர்கள் இதனைக் கவனித்தல் வேண்டும்.

விளக்கின் உட்புறத்தில் இருக்கும் பளபளப்பான கிண்ணம் பரவளைவு வடிவினது. அதன் குவியத்தில் ஒளி இருக்குமாயின் கதிர்கள் நேர்கோடாக முன்னே செல்லும். அதுவே தூர ஒளி. குவியத்திலிருந்து சிறிது விலகி அமைந்த இரண்டாவது இழை எரியும்போது, கதிர்கள் கீழ்நோக்கிச் சரிந்து விழும். அதுவே தாழ் ஒளி. இவ்விரு இழைகளும் மெல்லிய கம்பிச் சுருள்கள். அவற்றின் இடம் ஒன்றிரண்டு மில்லி மீற்றர் பிசகினாலும் ஒளி திசை மாறிவிடும்.

எல்.ஈ.டி. மின்குமிழிலோ மெல்லிய இழை இல்லை. தட்டையான ஒளிச் சில்லுகள் ஒரு தகட்டின் இரு புறமும் ஒட்டப்பட்டிருக்கும். இழை இருந்த அதே இடத்தில் அவை அமைவது அரிது. விளைவு என்ன? கீழே விழவேண்டிய ஒளியில் ஒரு பகுதி மேலே சிதறி, நடந்து வருபவரின் முகத்தில் அடிக்கின்றது. ஓட்டுபவருக்கோ தம் காரின் முன்னால் வெண்மையாகத் தெரிவதால் ஒளி பெருகிவிட்டதாக மயக்கம் உண்டாகின்றது. உண்மையில் அருகிலுள்ள தரை பளிச்சிடும் அளவுக்குத் தூரத்து வளைவு தெரிவதில்லை. அண்மையில் மிகுந்த வெளிச்சம் இருக்கும்போது கண்மணி சுருங்கி, தூரத்து இருள் மேலும் இருளாகத் தோன்றும்.

இன்னுமொன்று. நம் நாட்டில் வாகனங்கள் வீதியின் இடப்புறமாகச் செல்வன. வலப்புறமாகச் செல்லும் நாடுகளுக்கெனச் செய்த விளக்குகளில் தாழ் ஒளி வலப்பக்கம் உயர்ந்து செல்லும். அத்தகைய விளக்கை இங்கே பூட்டினால், எவ்வளவு திருத்தமாக வைத்தாலும் எதிரே வருபவரின் கண்ணுக்கே அது குறிவைக்கும். விலை மலிவென்று இணையத்தில் வாங்குவோர் இதனை முதலில் விசாரித்தல் வேண்டும்.

டைனமோவின் வரவு செலவு

அப்படியாயின் பழைய விளக்கே சிறந்தது என்று தாத்தாவின் பக்கம் தீர்ப்பளிக்கலாமா? அதற்கும் அவசரப்படலாகாது.

1950களின் மைனரில் உள்ள டைனமோ தரக்கூடிய மின்னோட்டம் ஏறத்தாழ 19 அம்பியர் மாத்திரமே. அதுவும் இயந்திரம் நல்ல வேகத்தில் சுழலும்போதுதான். தூர ஒளியில் 42 வாற்று மின்குமிழ்கள் இரண்டும் 7 அம்பியரை உண்கின்றன. பக்க விளக்கு, பின்விளக்கு முதலியன 2 அம்பியருக்கு மேல். இயந்திரத்தின் தீப்பொறிக்கு 3 அல்லது 4. மழை துடைப்பானுக்கு 2 அல்லது 3. ஆகச் செலவு 15 அம்பியரை எட்டுகின்றது. 60 வாற்று ஹலஜன் குமிழ்களைப் பூட்டினால் விளக்குக்கு மாத்திரம் 10 அம்பியர் வேண்டும். அப்பொழுது வரவும் செலவும் சரியாகி, கையிருப்பு ஒன்றும் இராது. நெரிசலில் ஊர்ந்து செல்லும் வேளையிலோ வரவே இல்லை. பற்றரியின் சேமிப்பே கரையும். குறைந்த மின்சாரத்தில் நிறைந்த ஒளி தருவது எல்.ஈ.டி.யின் மறுக்க முடியாத சிறப்பு என்பது இங்கே விளங்கும்.

ஆயினும் பெரியவரின் காரில் இருந்த உண்மையான நோய் வேறு. ஒரு ஞாயிறு காலை, கேகாலையிலிருந்து வந்த மின்வேலை தெரிந்த பாஸ் ஒருவர் அளவுக் கருவியை வைத்துப் பார்த்தார். பற்றரியில் 12 வோல்ற்றுக்கு மேல் இருந்தது. விளக்கின் முனையிலோ பத்தரை வோல்ற்றுக்குச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. அறுபது ஆண்டுகள் பழமையான கம்பிகளும், பச்சை படிந்த இணைப்புகளும், துருப்பிடித்த 'ஏர்த்' முனையும் மீதியை விழுங்கிவிட்டன!

இழை விளக்குக்கு ஓர் இயல்பு உண்டு. மின்னழுத்தம் நூற்றுக்குப் பத்து வீதம் குறைந்தால் ஒளி பத்து வீதம் அல்ல, ஏறத்தாழ முப்பது வீதம் குறையும். பேரன் பழித்த அந்த மங்கல் ஒளி, லூக்காஸ் விளக்கின் குற்றமன்று. அதற்குச் சோறு போடாத கம்பியின் குற்றம்.

மருந்து எளியதே. பற்றரியிலிருந்து நேராகத் தடித்த புதுக் கம்பி இட்டு, இடையில் 'ரிலே' ஒன்றையும் வைத்தால், பழைய சுவிட்சு சிறு கட்டளை மாத்திரம் இடும். பெரும் மின்னோட்டம் புதுக் கம்பி வழியாகச் செல்லும். அக்காலக் கார்களில் முகப்பு விளக்குக்குப் பெரும்பாலும் பியூஸ் இருப்பதில்லை. புதுக் கம்பியில் அதனையும் சேர்த்தல் வேண்டும். மைனர் போன்ற பழைய ஆங்கிலேயக் கார்களில் பற்றரியின் நேர்முனையே காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இழை விளக்கு திசை பாராது எரியும், எல்.ஈ.டி. திசை மாறினால் எரியாது, சில வேளை பழுதாகியும் விடும். இதனை அறியாமல் பணத்தை இழந்தோர் பலர்.

மழையும் மூடுபனியும்

இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டுக்கு 3,500 மில்லி மீற்றருக்கும் மேலாக மழை பெய்கின்றது. பலாங்கொடைக்கு மேலே மலைச் சாரல்களில் மூடுபனி இறங்கும்போது பத்தடி தூரமும் மறையும். இவ்வேளைகளில் ஒளியின் பலம் உதவாது. அதன் திசையே உதவும். மேலே சிதறும் ஒளி நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி, ஓட்டுபவரின் கண்முன் வெள்ளைத் திரையாகத் தொங்கும். தாழ்வாகப் பூட்டி, தரையோடு தவழுமாறு அமைத்த அகன்ற ஒளியே பனியைக் கடக்கும் வழி.

மஞ்சள் ஒளியே பனிக்கு ஏற்றது என்ற நம்பிக்கை நெடுநாளாக உண்டு. பிரான்சு தேசத்தில் 1930களிலிருந்து 1993 ஆம் ஆண்டு வரை மஞ்சள் முகப்பு விளக்கே சட்டமாக இருந்தது. பனித்துளிகள் ஒளியின் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிப்பவை ஆதலால், மஞ்சள் பனியைத் துளைக்கும் என்பது மிகை. ஆயின் நீலம் மிகுந்த வெண்ணொளியைவிட மஞ்சள் ஒளி கண்ணுக்குக் குறைவாகக் கூசுகின்றது என்பதைப் பலர் அனுபவத்தில் உணர்கின்றனர்.

பின்னால் வருபவருக்காக

முகப்பைப் பற்றியே பேசுவோர் பின்புறத்தை மறந்துவிடுகின்றனர். பழைய காரின் பின்விளக்கு சிறியது, மங்கலானது. பின்னால் விரைந்து வரும் பஸ் சாரதிக்கு அதன் நிறுத்த விளக்கு தெரிந்தால்தான் உயிர் தப்பும். இவ்விடத்தில் எல்.ஈ.டி.யைத் தயங்காமல் ஏற்கலாம். இழை சூடேறி ஒளிர்வதற்குச் செல்லும் நேரத்தைவிட எல்.ஈ.டி. ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடி முந்தி ஒளிர்கின்றது. மணிக்கு 60 கிலோ மீற்றர் வேகத்தில் வரும் வாகனம் அந்நேரத்தில் மூன்று மீற்றருக்கு மேல் கடந்துவிடும். ஒரு விபத்து நேர்வதற்கும் நேராமல் போவதற்கும் இடையில் அந்த மூன்று மீற்றர் போதும். சிவப்புக் கண்ணாடியின் உள்ளே அது மறைந்திருப்பதால் காரின் அழகும் கெடுவதில்லை. ஆயின் திசைகாட்டிக்கு எல்.ஈ.டி. இட்டால், பழைய சிமிட்டிக் கருவியையும் அதற்கேற்ப மாற்றல் வேண்டும்.

தீர்ப்பு

அந்த வீட்டில் முடிவானது இதுதான். பழைய கண்ணாடியும் வெள்ளி வளையமும் அவ்வாறே இருக்கும். கறுத்திருந்த கிண்ணங்களை மாத்திரம் மாற்றி, இழைக் குமிழ்களையே மீண்டும் இட்டனர். புதுக் கம்பியும் ரிலேயும் பியூசும் வந்தன. பின்புறத்தில் எல்.ஈ.டி. வந்தது. பின்னர் சமதரையில் காரை நிறுத்தி, பத்து மீற்றர் தூரத்துச் சுவரில் தாழ் ஒளியின் மேல் விளிம்பு, விளக்கின் உயரத்திலிருந்து ஏறத்தாழ 10 சென்ரி மீற்றர் கீழே விழுமாறு திருகாணிகளைத் திருப்பி அமைத்தனர். இதற்குச் சுண்ணக்கட்டியும் அளவு நாடாவும் தவிர வேறொன்றும் தேவைப்படவில்லை. புது விளக்கு வாங்க நினைப்பவர் எவரும் இந்தச் சோதனையை முதலிற் செய்வாராக.

அன்றிரவு பேரன் காரை ஓட்டிப் பார்த்தான். "தாத்தா, வளைவு தெரிகிறது" என்றான். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆயினும் வழக்கு அத்துடன் முடியவில்லை. "நமக்குத் தெரிந்தால் போதுமா?" என்று கேட்ட பெரியவர், மறுநாள் விடியுமுன் பேரனையும் நம்மையும் அழைத்துக்கொண்டு, முன்பு அந்த அம்மாள் விழுந்த அதே இடத்துக்குச் சென்றார். பால் வெட்டும் பெண்கள் வந்தனர். கணுக்கால் சுளுக்கிய அம்மாளைப் பாதையோரத்தில் நிற்கச் செய்து, கார் மெதுவாக எதிரே வந்து கடந்தது. நாமும் அவர் அருகில் நின்றோம்.

"இப்ப கண்ணு கூசலீங்க ஐயா. கானும் தெரியுது, உங்க முகமும் தெரியுது" என்றார் அவர்.

விளக்கைத் தேர்ந்தெடுப்பவர் தம் இருக்கையில் அமர்ந்து பார்ப்பதோடு நின்றுவிடாமல், ஒரு தரமேனும் இறங்கி எதிரே நின்று பார்த்தல் வேண்டும். பழையதா புதியதா என்ற கேள்விக்கு அங்கேதான் சரியான விடை கிடைக்கும்.